ஒரே கெர்னலுக்குள் ஒரு பதிகம்

தொடங்கும் செயலெல்லாம் தடையறக் காக்கும் ஆனைமுகத்தானே, எண்ணியதை எழுத்தும், எழுதியதை ஏடும் கைவிடாதிருக்க அருள்வாயாக.

இன்று தைப்பூசம். எண்பதுகளின் இறுதியில் வந்த இன்னொரு தைப்பூசத்தைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். நெஞ்சில் பக்தியை முந்திக்கொண்டு எரிச்சல் நிற்பதை முருகன் பொறுத்தருள வேண்டும்.

கோலா கெத்திலுக்கு அருகில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அப்போது நான் கணக்கெழுதும் கிராணி. அந்த ஆண்டு என் மனைவியின் கண்கள் மங்கத் தொடங்கின. பதிகம் படித்த பிறகே பசியாறுகிறவள், அச்சுநூலை மூக்கோடு ஒட்டிப் பிடிக்கும் நிலைக்கு வந்தாள். நான் படிக்கிறேன், நீ கேள் என்றேன்.

"நீங்க சாப்பிட்டா எனக்கு வயிறு நெறையுமா?" என்றாள். தைப்பூசத்தன்று பத்துப் பாடல்களையும் சந்நிதியில் தன் கண்ணால் பார்த்தே படிப்பதாக நேர்ந்தும் கொண்டாள்.

ஆலை அலுவலகம் கழித்த கணினியும் அச்சுப்பொறியும் என் வீட்டில் இருந்தன. பினாங்கில் வாங்கிய தமிழ் எழுத்து நிரலைக் கொண்டு எழுத்தைக் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதாக்க முடிந்தது. அச்சிடப் போனால்தான் வம்பு. அச்சுப்பொறி நான்கு வரி கீறிவிட்டு நிற்கும். உடனே திரை உறையும். எந்த விசைக்கும் அசையாது. அணைத்து மீண்டும் தொடங்கினால், சேமித்து வைத்த கோப்பும் சிதைந்திருக்கும். பத்துப் பாடல்களையும் மூன்று முறை முழுதாகத் தட்டினேன். மூன்று முறையும் போயிற்று. கெட்டது அச்சுப்பொறி, என் பாடல் ஏன் சாக வேண்டும்?

நான் சொல்லியனுப்பியதும், சுங்கைப் பட்டாணியில் கணினிக் கடை வைத்திருந்த ஒருவர், புக்கிட் செலம்பாவில் இருக்கும் தம் வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை என் வாசலில் நிறுத்தினார். மாதா கோயில் பாடற்குழுவில் இருப்பவர். பாடல் தொலைந்தால் வரும் வலியை அறிந்தவர்.

"அண்ணே, பிரிண்டரப் பாத்து மொறைக்காதீங்க. கெர்னல்லதான் விசயம் இருக்கு."

"கெர்னலா? அத மூட்டை மூட்டையா நிறுத்து அனுப்புறவன் தம்பி நானு. அது இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி மேசையில் சிந்தியது. செம்பனைக் கொட்டையை உடைத்தால் கிடைக்கும் பருப்புக்கு எங்கள் ஆலையில் கெர்னல் என்று பெயர். கணினியை நடத்தும் நிரலின் நடுக்கருவுக்கும் அதே பெயராம்.

"இதுல திரையப் பாத்துக்கிறது, டிஸ்கெட்டப் பாத்துக்கிறது, பிரிண்டரப் பாத்துக்கிறது, எல்லாம் ஒரே கருவுக்குள்ள குடியிருக்கு. ஒன்னுக்குப் பித்துப் பிடிச்சா அத்தனையும் விழும் லா. சின்னக் கெர்னல்னு வேற வகை இருக்கு. அதுல கரு கொஞ்ச வேலைதான் பாக்கும். மத்ததெல்லாம் வெளிய தனித்தனியா இருந்து சேதி அனுப்பிக்கும். பிரிண்டரு செத்தா அது மட்டுந்தான் சாகும்."

எனக்கு உடனே விளங்கியது. பழைய டூரா வகைச் செம்பனைக்குக் கொட்டையின் ஓடும் தடிப்பு, பருப்பும் பெரிது. பின்னர் நட்ட தெனெராவுக்குப் பருப்பு சிறிது. எண்ணெய் தரும் சதையெல்லாம் வெளியே.

"அப்ப இது டூரா மிஷினு. எனக்குத் தெனெரா குடு" என்றேன்.

மறுவாரம் அவர் கடைக்குப் போனேன். படிப்புக்காக எவரோ எழுதிய சிறுகெர்னல் அமைப்பு ஒன்றை, கடையில் இருந்த வலுவான கணினியில் ஏற்றிக் காட்டினார். அச்சு நிரலை வேண்டுமென்றே கொன்றார். திரை அசைந்துகொண்டே இருந்தது! அச்சு நிரலை மட்டும் மீண்டும் எழுப்பினார். நான் கைகூப்பிவிட்டேன்.

"கும்பிடாதீங்க அண்ணே. இதுல தமிழ் எழுத்து இல்ல. தட்டினாலும் மெதுவாத்தான் வரும். எல்லாத்துக்கும் சேதி போய்ச் சேதி வரணும்ல?"

வாய் கசந்தது. தமிழ் தெரிந்த இயந்திரம் தடுக்கி விழுகிறது. விழாத இயந்திரத்துக்குத் தமிழ் தெரியவில்லை. திரும்பும் பேருந்தில் மனம் இறைவனிடமே வழக்காடியது. எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய ஒருவன் என்று உன்னைத் துதித்தே வளர்ந்தேன். என் குற்றம் எதுவும் உன்னைச் சாய்த்ததில்லை. மனிதன் செய்த ஒன்றோ, தன்னுள் ஒரு சிறு நிரல் இடறியதற்கே உலகத்தை முடித்துவிடுகிறதே!

இயந்திரம் பிரித்து வைக்காததை நானே பிரித்தேன். பாடலுக்கு ஒரு டிஸ்கெட் என்று பத்து. ஒன்றைச் செருகிப் பாடலைத் திறப்பேன், டிஸ்கெட்டை உருவி எடுப்பேன், பிறகே அச்சிடுவேன். கணினி இறந்தாலும் பாடல் என் கையில் இருந்தது.

"பாட்டுக்கு ஒரு ரூமா? நம்ம வீட்டுலகூட இத்தனை ரூம் இல்லையே" என்றாள் மனைவி.

ஒன்பது பாடல்கள், பல இறப்புகளுக்குப் பின், தாளில் ஏறின. பத்தாவது மட்டும் எத்தனை முறை முயன்றும் கடைசி வரியின் நடுவிலேயே நின்றது. தைப்பூசக் காலையிலும் முயன்றேன். அரை எழுத்தோடு தாள் வெளியே வந்தது. அவளிடம் சொல்ல மனம் வராமல் அதையும் அடியில் வைத்துக் கொடுத்தேன்.

சந்நிதியில் அவள் குரல் தடுமாறவில்லை. ஒன்பது பாடல்கள் நிறைவாக முடிந்தன. பத்தாவதின் கடைசி வரியில் சட்டென்று நிறுத்தினாள். தாளைக் கண்ணருகே கொண்டு போனாள், தள்ளிப் பிடித்தாள்.

"ஏங்க, எழுத்து பாதியில மறையுது. என் கண்ணா, உங்க மிஷினா?"

"மிஷினுதான்."

நீண்ட மூச்சு விட்டாள். "அப்ப பரவால்ல" என்று சொல்லி, அந்தப் பாதி வரியை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லி, தான் திருப்பிச் சொன்னாள்.

அவளுக்குப் பரவாயில்லை. எனக்கு அன்றும் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

இதைப் படிக்கும் யாவருக்கும் கண்ணொளி குன்றாதிருக்கட்டும். நீங்கள் தொடங்கும் வரி எதுவும் பாதியில் நில்லாமல் கடைசி எழுத்து வரை முழுதாக வந்து சேர, கந்தவேள் துணை நிற்பானாக.