தவணையில் எழுதிய மொய்

திருச்சியில் நடக்கப்போகும் பாட்டுக் கச்சேரிக்கு மூன்று தவணையில் பணம் கட்டினால் போதும் என்று என் போனில் வந்தது. அதை மதினியிடம் காட்டியது நான்தான். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் கத்தாரில் இருக்கிறார். மதினி கறம்பக்குடிக்குப் பக்கத்தில் இரண்டு மாடுகளோடு இருக்கிறார். அந்தப் பாடகரின் பாட்டைப் போடாவிட்டால் மாடு பால் கறக்க விடாது என்பது மதினியின் கட்சி. மாட்டைக் கேட்டால் வேறு சொல்லலாம்.

"நேர்ல ஒரு தடவ கேட்டுறணும்த்தா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இருவருக்கும் முதல் தவணை கட்டினோம். டிக்கெட் வரவில்லை. கடைசித் தவணையும் கட்டினால்தான் வரும். நாள் தப்பினால் கட்டியது அத்தனையும் போச்சு, திரும்ப வராது என்று போட்டிருந்தது.

"பொண்ணக் கண்ணுல காட்டாமலே பரிசம் வாங்குறாய்ங்க" என்றார் மதினி. சொல்லிவிட்டு, பால் பணத்தில் இரண்டாவதையும் கட்டினார்.

அப்புறம் ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. காசு தேவைப்படுகிறவர் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். முன்பு அவர் நமக்குச் செய்ததை, மேலே புது மொய்யாகக் கொஞ்சம் வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. செய்யாதவனுக்கு ஊரில் மரியாதையும் கிடையாது. 'கடன்காரனுக்கு விடிஞ்சா பயம், மொய்க்காரனுக்கு ஆடி பொறந்தா பயம்' என்று ஒரு சொலவடையே உண்டு.

மதினி வீட்டுக்கு முன்பு பெரிய மொய் செய்திருந்த ஒருவர், ஊர் முறைக்கு மாமா, அந்த வருஷம் விருந்து வைத்தார். கடைசித் தவணைக்குக் கெடு வைத்திருந்த அதே ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கோ அந்த மாதம் சம்பளம் தள்ளிப்போய்விட்டது. மதினி கையில் இருந்தது மொய்க்கு மட்டும்தான் காணும். என்னிடம் என் தவணைக்கு மேல் ஒற்றை ரூபாய் இல்லை. மதினி காதில் கிடக்கும் தோட்டை அடகு வைக்கலாம்தான். தோட்டை வைத்துப் பாட்டுக் கேட்கப் போனாள் என்று ஊர் பேசும்.

"விட்ருவோமா மதினி?"

"எத? மொய்யவா, பாட்டவா?"

"பாட்டத்தான்."

மதினி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "விட்டா, கட்டுன ரெண்டும் போயிருமா?"

"போயிரும்."

"அப்ப அந்தப் பாட்டுக்காரருக்கு நாம மொய் செஞ்ச மாதிரி ஆயிரும். அவரு திருப்பிச் செய்யவா போறாரு."

ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குப் போனோம். முதலில் சாப்பிட்டோம். மதினி இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கியபோதே எதையோ முடிவு பண்ணிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வரிசையில் நின்றோம். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் மாமா கும்பிட்டபடி நின்றிருந்தார்.

"மாமா, இன்னைக்கிப் பாதிய எழுதிக்கங்க. மீதிய ஆவணி கடைசியில கொண்டாந்து தாரேன்."

எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புடி எழுதுற வழக்கம் இல்லையேம்மா."

"முன்னப்பின்ன தெரியாத டிக்கெட்டுக்காரய்ங்களே தவணைக்கு விடுறாய்ங்க. நீங்க என்னத் தெரிஞ்சவங்க."

"என்ன டிக்கெட்டு?" என்றார் மாமா.

ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மதினி கச்சேரி, பாடகர் பேர், நாள், இடம் எல்லாம் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மொய்யிலயும் இஎம்ஐ வந்துருச்சுப்பா" என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். மதினியின் காது சிவந்தது. தலை மட்டும் குனியவில்லை.

மாமா அவரையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு கச்சேரி நேரம்.

"எழுதுய்யா" என்றார்.

"என்னன்னு எழுத?"

"பாதின்னு எழுது."

காசு எண்ணுகிறவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறவர் எப்போதும் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார். மதினி பேரைச் சொல்லி, "பாதி மட்டும்" என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது.

அடுத்து நின்றவர் தொண்டையைச் செருமினார். "அப்ப எனக்கும் பாதியா..."

"நீ எந்தக் கச்சேரிக்குப் போற?" என்றார் மாமா.

அவர் முழுப் பணத்தையும் எடுத்து வைத்தார்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கடைசித் தவணையைக் கட்டினோம். போனில் ஸ்கேன் பண்ணுகிற கறுப்புக் கட்டம் ஒன்று வந்தது.

"இதுவா டிக்கெட்டு?"

"இதான் மதினி."

"கோலம் சரியா விழுகாத மாதிரி இருக்கு" என்றார்.

கச்சேரியில் எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. பாடகர் கடுகளவு தெரிந்தார். சுற்றி எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மதினி தூக்கவில்லை, கூடப் பாடவும் இல்லை, கையும் தட்டவில்லை. ஒரு பாட்டு முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். வளையல் பதிந்த தடம் போக நேரமானது. 

ஆவணி முடிவதற்குள் அண்ணன் பணம் அனுப்பிவிட்டார். மீதி மொய்யோடு மாமா வீட்டுக்குப் போனோம். மாமா வாங்கி, எண்ணாமல் மனைவியிடம் கொடுத்தார்.

"எண்ணிக்கங்க மாமா."

"சொன்ன நாளைக்கு முன்னாடி வந்துட்ட. என்னத்த எண்ண."

அத்தை பணத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். "எப்புடித்தா இருந்துச்சு?"

"ஆளு சரியாத் தெரியலத்தே. கொரலு மட்டும் பக்கத்துல ஒக்காந்து பாடுனாப்ல இருந்துச்சு."

அத்தை கையில் இருந்ததிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"மறுபடி எப்ப வந்தாலும் எனக்கும் ஒண்ணு சேத்துப் போடு."

யார் கச்சேரி, எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எழுந்து, கட்டியே இருந்த மாட்டைக் கட்டப் போனார்.