குளியலறைக்கு வாட்டம் பார்த்த கதை

திண்டிவனத்தில் எங்கள் பழைய குளியலறையில் தேங்கிய தண்ணீரில் வழுக்கி, கணவர் காலை ஒடித்துக்கொண்டார். தரையை இடித்து மாற்ற விழுப்புரத்துக் காண்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்தோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குக் கவலைப்பட மட்டும் நன்றாக வரும். "தண்ணி ஓட வாட்டம் சரியா இருக்குமா தம்பி?" என்று நாளுக்குப் பத்து முறை கேட்டேன்.

டைல்ஸ் ஒட்டிய கையோடு மேஸ்திரி டீ குடிக்கப் போனார். நான் ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே போய் ஊற்றிப் பார்த்தேன். மூலையில் தேங்கி நின்றது. உடனே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என் பாதங்களைப் பார்த்தார். குதிகாலெல்லாம் ஈரச் சிமெண்ட்.

"ஏன்க்கா, காயறதுக்குள்ள ஏறி மிதிச்சிக்கினு நின்னீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்குள் கணவர் ஊன்றுகோலோடு வந்துவிட்டார். "என்னாச்சு?"

"எங்க மேல தப்புங்க. ரெண்டு டைல்ஸ் எறங்கிப்போச்சு. நல்லவேளை, அக்கா பாத்துட்டாங்க."

பிரித்து ஒட்டித் தந்தார். இப்போது ஒரு சொட்டு நிற்பதில்லை. "எம்பொண்டாட்டி பாக்கலைன்னா ஏமாத்தியிருப்பானுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் கணவர் பெருமையடிக்கிறார். நான் டீ போடப் போய்விடுவேன்.

தப்பே செய்யாத அந்தத் தம்பிக்குக் கெட்ட பெயர் வருகிறதே என்றுதான் இங்கே எழுதுகிறேன். இதைக் கணவர் படித்துவிடுவாரோ என்று இப்போது கவலையாக இருக்கிறது. படிக்கட்டும்.