என் புரோகிராமுக்குள்ள வைக்கோல்

ரெண்டாயிரத்து ஆறு வாக்குல, விருத்தாசலத்துல நடந்தது. காலேஜ் முடிச்சும் ஒரு ப்ராக்டிகல் அரியர் என் கழுத்தைப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. சென்னையில வேலை கிடைச்சாச்சு. டிகிரி இல்லாம வராதேன்னுட்டாங்க. இந்தத் தடவையும் ஃபெயிலானா அந்த வேலையும் போச்சு.

ரெண்டு மாணவர்களோட விவரம் வேற வேறயான்னு கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதிக் கண்டுபிடிக்கணும், அதுதான் பரீட்சையில கேள்வி. பேரு, நம்பர், மார்க்கு எல்லாம் ஒரே கட்டா இருக்கும், ஸ்ட்ரக்சர்னு சொல்லுவாங்க. ஒவ்வொண்ணா ஒப்பிட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாத்துலயும் அவசரமாச்சே! மொத்தக் கட்டையும் ஒரே அடியா ஒப்பிடுற மாதிரி எழுதிட்டேன்.

வெளியூர்லேருந்து பரீட்சை வைக்க வந்த சார், ரெண்டு பக்கமும் ஒரே விவரத்தைக் குடுத்தாரு. ஸ்கிரீன்ல 'நாட் ஈக்வல்'. மறுபடியும் குடுத்தாரு. மறுபடியும் அதே.

"ஏம்மா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது?"

"தெரியலீங்க சார்."

எங்க காலேஜ் மேடம், "இவ எப்பவும் இப்படித்தான் சார், அடுத்த ஆளைக் கூப்பிடலாம்"னாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவரு, "இருங்க மேடம், யோசிக்கட்டும்"னு சொல்லிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. குறிப்பும் குடுக்கல, வாட்சையும் பாக்கல.

லீவுல பீங்கான் பொம்மை செய்யுற செராமிக் யூனிட்டுக்கு பேக்கிங் வேலைக்குப் போனது எனக்கு ஏனோ ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பெட்டியிலயும் ஒரே மாதிரி பொம்மைதான் வெப்போம். மீதி இடத்துல கைக்கு வந்த வைக்கோலை அடைப்போம்.

அடச்சே! பேருக்குன்னு பெரிய இடமா ஒதுக்கியிருந்தேன். குடுத்ததோ சின்னப் பேரு. மீதி இடத்துல மெமரியில ஏற்கெனவே கெடந்த குப்பை, ரெண்டு பக்கமும் வேற வேற குப்பை.

"சார், என் புரோகிராமு வைக்கோலையும் சேத்து ஒப்பிடுது சார்!"

மேடம் முழிச்சாங்க. விளக்கிச் சொன்னதும் அவரு சிரிச்சிட்டாரு. "சரி, மாத்தி எழுதும்மா." எழுதினேன். 'ஈக்வல்'னு வந்துச்சு. பாஸாயிட்டேன்.

இப்போ வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேள்வி கேக்குற பக்கம் உக்காருறேன். யாராச்சும் "தெரியலீங்க"ன்னு திணறினா வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அந்த சாரோட பேருகூட எனக்குத் தெரியாது. ஆனா இன்னைக்கு நான் சாப்பிடுற சோத்துல, அவரு எனக்காக சும்மா உக்காந்திருந்த அந்த நேரமும் இருக்குது.