முதல் இடத்தில் புதுக்கோட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபனை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். என் மனைவியின் தம்பி செல்வம் வந்திருந்தான். புவனகிரியில் உரக்கடை வைத்திருப்பவன். ஒரு கையில் பை நிறைய மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்), இன்னொரு கையில் ஃபைல். பின்னால் அவன் மகள் கயல்.

மல்லாட்டை அக்காவுக்கு. ஃபைல் எனக்கு.

கயல் இரண்டாவது தடவையாக நீட் எழுதியிருந்தாள். மார்க் வந்து, ரேங்க் லிஸ்ட்டும் வந்துவிட்டது. எந்தெந்த மெடிக்கல் காலேஜ் வேண்டும் என்று வரிசைப்படுத்தி ஆன்லைனில் கொடுக்க வேண்டும். இரண்டே நாள்தான் பாக்கி. "சிதம்பரம் கெடைக்குமா, பாத்துச் சொல்லுங்க மாமா" என்று ஃபைலை நீட்டினான் செல்வம். டாக்டரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டுவார்களே, அந்த மாதிரி.

நான் கல்வி ஆலோசகனா? இல்லை. சில வருடங்களுக்கு முன், இங்கே கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு 'சீட் கண்டிப்பா கிடைக்கும்' என்று ஒரு மரியாதைக்குச் சொல்லிவைத்தேன். கிடைத்துத் தொலைத்தது. அன்றிலிருந்து கவுன்சலிங் சீசன் வந்தால் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஏக மவுசு. போதாததற்குப் பத்திரிகையில் பத்தி வேறு எழுதுகிறேனா... எல்லாம் தெரிந்தவன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நானும் மறுத்ததில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, மறுக்க மனசு வரவில்லை.

மனைவி மல்லாட்டையை வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். உரித்துக்கொண்டே கணக்குப் போட்டோம்.

போன வருட லிஸ்ட்டுப்படி கயலின் மார்க்குக்குச் சிதம்பரம் கிடைக்காது. ஆனால் இந்த வருடம் கேள்வித்தாள் கஷ்டம், அதனால் மார்க்கை விடு, ரேங்க்கைப் பார் என்கிறார்கள். சரி, எந்த ரேங்க்? பொது ரேங்க் ஒன்று இருக்கிறது, கம்யூனிட்டி ரேங்க் ஒன்று இருக்கிறது. ஒன்றைப் பார்த்தால் கிடைக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்றைப் பார்த்தால் மயிரிழையில் நழுவுகிற மாதிரி இருந்தது. யூடியூபில் ஒருவர் இந்த ரேங்க் 'சேஃப்' என்றார். அடுத்த வீடியோவில் 'டவுட்' என்றார். அதே ஆள், அதே சட்டை.

தெரிந்த ஒரு டியூஷன் வாத்தியாருக்குப் போன் போட்டேன். "பார்டர் சார்" என்றார். பார்டர் என்றால் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அதை அவர் சொல்லவில்லை. மார்க்கைப் போட்டால் காலேஜைச் சொல்லும் வெப்சைட் ஒன்றில் போட்டுப் பார்த்தோம். 'வாய்ப்பு அதிகம்' என்று வந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை போட்டோம். 'வாய்ப்பு குறைவு' என்று வந்தது. மூன்றாவது தடவை போட எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

எனக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. ஆனால் எதிரில் இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் 'தெரியலை' என்று சொல்ல முடியுமா?

சிதம்பரம் கஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை வாய் திறக்காத கயல் அப்போதுதான் பேசினாள். "அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப பதினெட்டு நாள் அங்கதான் மாமா கூட இருந்தேன். எந்த வார்டு எங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம். அங்க படிக்கணும்னுதான் ரெண்டாவது தடவையும் எழுதனேன்."

வீட்டுக்குப் பக்கம் என்பதால் கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மனசு என்னவோ செய்தது. ஆனால் நிபுணன் இளகலாமா?

வரிசை போட ஆரம்பித்தோம். சிதம்பரத்தை முதலில் போடலாம் என்றாள் கயல். நான் தடுத்தேன். கிடைக்காத காலேஜை முதல் இடத்தில் போட்டால் அந்த இடமே வேஸ்ட், அதற்குள் மற்ற காலேஜெல்லாம் நிரம்பிவிடும், கையில் இருப்பதும் போய்விடும் என்று பயங்காட்டினேன். செல்வம் பலமாகத் தலையாட்டினான்.

"புடிச்சதத்தான மாமா மொதல்ல போடணும்?" என்றாள் கயல்.

"கிடைக்கிறதை முதல்ல போடணும்மா. பிராக்டிகலா யோசி" என்றேன்.

நிச்சயம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றிய புதுக்கோட்டை முதல் இடத்துக்குப் போனது. சிதம்பரம் நாலாவது. செல்வம் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. லாக் செய்தோம்.

ரிசல்ட் வந்த அன்று செல்வம் போனில் கிட்டத்தட்ட அழுதான். புதுக்கோட்டை கிடைத்துவிட்டது... நான் சொன்னது அப்படியே பலித்துவிட்டது... புவனகிரி கடைத்தெரு முழுக்க 'எங்க மாமா கணக்கு' என்று சொல்லிச் சொல்லி ஸ்வீட் கொடுத்திருக்கிறான். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு சும்மா இருந்திருக்கலாம். சீட் ஒதுக்கிய முழு லிஸ்ட்டையும் டவுன்லோடு செய்து, நிதானமாகப் படித்தேன்.

கயலுக்கு ஒன்பது இடம் கீழே ஒரு பெண். அதே கம்யூனிட்டி. சிதம்பரம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சிதம்பரம்தான். உடனே அந்த டியூஷன் வாத்தியாருக்குப் போன். அவர் பொறுமையாக விளக்கினார். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராகத்தான் எடுக்குமாம். கயலின் முறை வரும்போது அவள் முதலில் போட்டது காலியாக இருந்தால் கொடுக்குமாம். இல்லாவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. அவள் லிஸ்ட்டை முடிக்கும்வரை அவளுக்குப் பின்னால் இருப்பவர் பக்கமே திரும்பாதாம். "முதல் இடம் வேஸ்ட்டுங்கறதே கிடையாது சார். இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

யார் சொன்னது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் புவனகிரிக்கு பஸ் ஏறினேன். போனதும் முதல் வேலையாக ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு. செல்வம் என்னைப் பார்த்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு கூல்டிரிங்க் வாங்க ஓடினான். வீட்டுக்குள்ளே கயல் சர்ட்டிஃபிகேட்டுகளை ஜெராக்ஸோடு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கயல், அந்த லிஸ்ட்டுல ஒரு விஷயம்..." என்று இழுத்தேன்.

"எனக்கு ஒம்பது இடம் கீழ இருக்கற பொண்ணுதான மாமா? வந்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஊரெல்லாம் உங்களாலதான் கெடைச்சுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. பாவம்."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பதினெட்டு வயசுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அவள் சிரித்தாள். இரண்டாவது ரவுண்டு இருக்கிறதாம். யாராவது சிதம்பரத்தை விட்டுவிட்டு வேறு இடம் போனால் காலியாகுமாம். விண்ணப்பத்தை அவளே போட்டுவிட்டாளாம். கிடைக்காவிட்டால் புதுக்கோட்டை அப்படியே இருக்கும். போனைத் திறந்து காட்டினாள். லிஸ்ட்டில் ஒரே ஒரு காலேஜ்தான் இருந்தது.

"கெடைக்குமா மாமா?"

வழக்கமான ஜம்பத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே என்னைத்தான் கேட்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும்.

"தெரியலைம்மா" என்றேன்.

இந்த சீசனில் நான் சொன்ன ஒரே சரியான கணிப்பு அதுதான்.