மீதி ஆறு கிலோமீட்டர்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு முப்பத்தொரு கிலோமீட்டர். வேலை முடிந்து திரும்பும்போது ஸ்டீம் அக்கா ஓட்டுவது முப்பத்தேழு. அந்த மீதி ஆறு கிலோமீட்டரில் கடை எதுவும் இல்லை, தெரிந்தவர் வீடு இல்லை, யாரும் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை. வெளிவட்டச் சாலையில் வீட்டுக்கு இறங்க வேண்டிய திருப்பம் வரும். அக்கா இறங்கமாட்டார். நேராகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்து இறங்குவார். ரேடியோ போடுவதில்லை. போன் பைக்குள் கிடக்கும். கார் வாங்கிய வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம்.

ஸ்டீம் அக்கா என்பது வேலையில் வைத்த பெயர். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து நிற்கும். அக்காவின் இயந்திரம் ஓர் அறை நீளத்துக்கு உருளைகள் கொண்டது, உள்ளே நீராவி. இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே விட வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் சூட்டோடு பிடித்து மடிக்க வேண்டும். முனை கோணினால் மடிப்பு எரிந்த கோடாகப் படியும், அதைத் திரும்பவும் துவைக்கப் போட வேண்டும். சத்தத்தில் யாரும் பேசிக்கொள்ள முடியாது, எல்லாம் கைஜாடைதான். முதல் மாதத்தில் விரல் நுனிகள் கொப்பளிக்கும். பிறகு கொப்பளிக்காது. அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. அவர் விரல் நுனிகளுக்கு இப்போது சூடே தெரிவதில்லை. வீட்டில் அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவதைப் பார்த்து மகள் பதறுவாள்.

வீடு நாலாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஐந்து பேர். மாமியாருக்குக் காது மந்தம், அதனால் டி.வி. அலறும். மகளுக்குப் பெரிய பரீட்சை வருகிறது, ஓர் அறை அவளுடையது. மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் இருக்கும் அறை எதுவானாலும் அது அவனுடையது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வருஷமாகிறது. கணவர் வேலை பார்ப்பது ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் விற்கும் கடையில். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று அவர் சொல்லாத வாரமில்லை. உள்ளே போய் ஐந்து நிமிஷம் ஆனால் "அம்மா, இருக்கியா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வரும். இல்லாமல் எங்கே போய்விடப் போகிறார் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

ஆக, உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரே அறை அந்தக் கார்தான். பழைய வண்டி, பெட்ரோலில் ஓடுவது. கூரையில் பெயின்ட் வெளுத்துப்போயிருக்கும். முன்னிருக்கைக் கதவை வெளியிலிருந்து திறக்க வராது. ஓட்டுபவர்தான் எட்டித் திறந்துவிட வேண்டும்.

தூரவரி வந்தது இந்த வருஷத் தொடக்கத்தில். அதுவரை சாலைக்கான வரியைப் பெட்ரோல் விலையோடு சேர்த்தே வாங்கிவந்தார்கள். பேட்டரி வண்டிகள் பெருகிப் பெட்ரோல் விற்பனை குறைந்ததும், இனி யார் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்களோ அவர்கள் அவ்வளவு கட்டட்டும் என்று அரசு முடிவு செய்தது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போனார்கள். வண்டி நகர்ந்தால் பச்சை விளக்கு மினுங்கும். பெட்ரோல் கொஞ்சம் இறங்கியது, வரி அதைவிட ஏறியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய்வரும் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சருக்கு உண்மையிலேயே செலவு குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருக்கவில்லை. அங்கே வாடகை கொடுக்க முடிந்தவர்கள் விரிப்பை மடிக்கிற வேலைக்கு வருவதில்லை. அக்காவின் காலை வேலை தொடங்கும் நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. முதல் பஸ் கிளம்பும்போது அவர் இயந்திரத்தைச் சூடேற்றி முடித்திருப்பார்.

முதல் இரண்டு மாதத்திலேயே வீட்டின் பழக்கங்கள் மாறின. எங்கேயாவது போக வேண்டும் என்றால் எல்லோருடைய வேலையும் சேரும்வரை காத்திருந்து ஒரே நடையாகப் போனார்கள். மாமியாருக்குக் கண் டாக்டரும் மகளுக்குச் செருப்பும் ஒரே நாளில் அமைந்தன. டாக்டர் அறையில் மகளும், செருப்புக் கடையில் மாமியாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகனுடைய நீச்சல் வகுப்பு நின்றது. ஞாயிறுதோறும் நாத்தனார் வீட்டுக்குப் போவது மாதம் ஒன்றானது. நாங்கள் வந்தால் உங்களுக்குச் செலவு, நீங்கள் வந்தால் எங்களுக்குச் செலவு, யாராவது ஒருத்தர் பாசத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நாத்தனார் போனில் சொன்னாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மாமியார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் விட்டபிறகும் கையைக் கடித்தது. ஒருநாள் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கணவர் வந்து சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். "அந்தச் சுத்த மட்டும் விட்டுடேன்," என்றார்.

"எந்தச் சுத்து?"

"தண்ணித் தொட்டி வரைக்கும் போறியே, அது."

அக்கா குழாயை மூடினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, தங்கள் வண்டி திருப்பத்தில் இறங்காமல் நேராகப் போனதைக் கணவர் பார்த்திருக்கிறார். வேறு ஒரு நாளும் பார்த்திருக்கிறார். ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறார்.

"மூணு வருஷமா ஏன் கேக்கல?"

"அதான் வீட்டுக்கு வந்துடறியே. என்னத்தக் கேக்க?"

வேறு தம்பதியாக இருந்தால் இந்தப் பேச்சு எங்கெங்கோ போயிருக்கும். இருவருக்கும் அதற்குத் தெம்பில்லை. எதை வேண்டுமானாலும் விடுகிறேன், அதை விட முடியாது என்று மட்டும் அக்கா சொன்னார். ஏன் என்று விளக்க முயன்றார், வரவில்லை. அந்தத் தொட்டியைச் சுற்றாமல் நேராக வீட்டுக்கு வந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் என்றார். கணவர் தலையை ஆட்டினார். அப்படியானால் வண்டியில் ஆள் ஏற்றிக்கொள்ளலாம், செலவு பிரியும் என்றார். இந்த யோசனையில் இருக்கும் கோளாறு அந்த நேரத்தில் இருவருக்குமே படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேர் ஏறினார்கள், அக்கா குடியிருக்கும் கட்டிடத்துக்காரர்கள். முன்னிருக்கையில் டைல்ஸ் அண்ணன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எழும்பும் புதுக் கட்டிடத்தில் தரை ஒட்டுகிறார், முட்டி மடங்காது, அதனால் முன்னால்தான் உட்கார வேண்டும். பின்னால் கட்டிடமே சித்தப்பா என்று கூப்பிடும் ஒருவர், ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு கிடங்கில் காவலாளி. அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் லேப் பெண்.

நல்லவர்கள், நேரத்துக்கு வந்தார்கள், பணத்தைக் கேட்பதற்கு முன்பே கொடுத்தார்கள். பேசினார்கள். டைல்ஸ் அண்ணன் வரியைப் பற்றிப் பேசினார். "கிட்ட இருக்கிறவனுக்கு வாடகை, எட்ட இருக்கிறவனுக்கு வரி. நடுவுல இருக்கிறவன் எவன்னு கண்டுபிடிச்சா நானும் அங்க குடி போயிடுவேன்," என்பார். பிறகு முட்டியைப் பற்றிப் பேசுவார். சித்தப்பா அதற்கு எண்ணெய் சொல்லுவார். லேப் பெண் போனில் யாருடனோ மெல்லிய குரலில் சண்டை போடுவாள். அந்தக் குரலைக் கேட்காமலிருக்க மற்ற இருவரும் இன்னும் உரக்கப் பேசுவார்கள். திரும்பும்போதும் அப்படியே. திருப்பம் வந்ததும் எல்லோரும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அதற்குமேல் நேராகப் போவது எப்படி?

சுற்றைக் காப்பாற்ற ஏற்றிய ஆட்களாலேயே சுற்று போனது. மூன்றாவது வாரம் அக்காவுக்குத் தலைவலி நிரந்தரமானது. மகனை ஒன்றுமில்லாததற்குக் கத்தினார். இயந்திரத்தில் முனை கோணி ஒரே நாளில் நான்கு விரிப்புகள் கெட்டன. எதிர்ப்பக்கத்தில் மடிப்பவர், உடம்புக்கு என்ன என்று கைஜாடையில் கேட்டார்.

பிறகு ஒரு வழி தோன்றியது. நிற்கிற வண்டிக்கு வரி கிடையாது. மாலையில் குப்பை கொட்டப் போகிறேன் என்று சாவியோடு இறங்கி, கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்தார். கதவைப் பூட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கில் கை வைத்து நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியில் டொக் டொக். டைல்ஸ் அண்ணன் நிற்கிறார்.

"என்னக்கா, ஸ்டார்ட் ஆகலையா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார். ஒன்றுமில்லை என்ற பொருளில்தான் ஆட்டினார். ஸ்டார்ட் ஆகவில்லை என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். பழைய வண்டியைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஒரே நிமிஷத்தில் சித்தப்பா வந்தார், கீழ்வீட்டு டீச்சர் ஜன்னலிலிருந்து யோசனை சொன்னார், பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கியரைப் போடுங்கள், நாங்கள் தள்ளுகிறோம் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? முட்டி மடங்காத மனிதர் பின்னால் நின்று முக்கித் தள்ளினார். வண்டி உருண்டது, பச்சை விளக்கு மினுங்கியது. வாசல் தாண்டியதும் அக்கா சாவியைத் திருப்பினார். எஞ்சின் எந்தத் தகராறும் செய்யாமல் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சித்தப்பா மூச்சு வாங்கியபடி குனிந்து கருவியைப் பார்த்தார். "தள்ளினதுக்கும் வரி போட்டுட்டான் பாரு," என்றார்.

மறுநாள் காலையில் டைல்ஸ் அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பேட்டரியை மாற்றிவிடுங்கள், தெரிந்த கடை இருக்கிறது, சொல்லி வைக்கிறேன் என்றார். வழியிலுள்ள பாலத்தில் ஏறியதும், சாலையைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே. சும்மா உக்காந்திருந்தேன். தனியா. என்னால உங்க முட்டிதான் பாவம்."

தண்ணீர்த் தொட்டியையும், விட்டுப்போன ஆறு கிலோமீட்டரையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். கோபமாகச் சொல்லவில்லை, சொல்லுகிற தொனியில் களைப்பு மட்டும் இருந்தது. லேப் பெண்ணின் போன் அடித்தது; அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஆஸ்பத்திரி வரை நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் சித்தப்பா ஒரு தும்மல் போட்டுவிட்டு, ஏதோ தப்பு செய்தவர்போல் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பும்போதும் வண்டிக்குள் சத்தமில்லை. டைல்ஸ் அண்ணனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டதிலேயே தெரிந்தது. பாதி வழியில் விரல்களும் நின்றன. திருப்பம் வந்தது. அக்கா இண்டிகேட்டரைப் போட்டார்.

"நேரா போங்கக்கா," என்றாள் லேப் பெண்.

அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கியிருப்பவள். பகலில் வேறொருத்தி படுக்கும் கட்டில் தன்னுடையதாவதற்கே இருட்ட வேண்டும் என்று முன்பு சொல்லியிருக்கிறாள்.

"என் வீட்லயும் யாரும் விளக்கேத்தி வச்சிட்டுக் காத்திருக்கல," என்றார் சித்தப்பா. "மகன் குடும்பத்தோட வந்து இறங்கியிருக்கான். ஹால்லதான் என் படுக்கை. வரிய நாலாப் பிரிச்சா டீக்காசு. போம்மா."

டைல்ஸ் அண்ணன் இருக்கையைப் பின்னால் தள்ளி, முட்டியை நீட்டிவிட்டுக்கொண்டார். அக்கா இண்டிகேட்டரை அணைத்தார்.

ரவுண்டானாவைச் சுற்றும்போது தண்ணீர்த் தொட்டியின் நிழல் வண்டிக்குள் ஒரு பக்கமாக விழுந்து மறு பக்கமாகப் போனது. யாரும் எதையும் சுட்டிக்காட்டவில்லை. வீடு வந்தபோது சித்தப்பா தூங்கியிருந்தார். மற்ற மூவரும் அவரை எழுப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தனியாக ஓட்டியதற்கு இது ஈடாகாது என்று அக்கா சொல்கிறார். சித்தப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், டைல்ஸ் அண்ணன் பெருமூச்சு விட்டே பேசிவிடுகிறார். ஆனாலும் தலைவலி வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. விரிப்புகள் கெடுவதில்லை.

வரும் ஒன்றாம் தேதியிலிருந்து வெளிவட்டச் சாலைக்கான தூரவரி கால் பங்கு ஏறுகிறது. நான்கு பேரும் நேற்றுக் காலை பாலம் வருவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டார்கள்: இனி சுற்று வெள்ளிக்கிழமை மட்டும், மற்ற நாட்களில் திருப்பத்தில் இறங்கிவிடுவது. அதை அக்கா வீட்டில் சொன்னார். கணவர் இன்று கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாளும் நான்கு திருகாணிகளும் கொண்டுவந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவில் மாட்டுகிறார்.