சோடியாய் நின்றால் பிரிவு கெட்டுப்போகுமா?

எனக்கு எழுத்து நேராக வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. சொல்ல வந்ததையும் பாதியில் மறந்துவிடுவேன். இத்தனை வாரமாக இதை வாசித்துப் பொறுத்த நீங்கள் இன்றைக்கும் பொறுக்க வேண்டும். ஏனென்றால் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை... போன கிழமை விவாகரத்து கிடைத்துவிட்டது!

அறுபத்துமூன்று வயதில் இதென்ன கூத்து என்கிறீர்களா? என் தங்கையும் அதைத்தான் கேட்டாள்.

இவர் அடித்ததில்லை. குடித்ததில்லை. ஆனால் நாற்பது வருடமாக, சாப்பாடு போடு என்பதைத் தவிர என்னோடு கதைத்ததுமில்லை. இதை என்ன குற்றம் என்று சொல்வது? வெட்கப்பட்டு வெட்கப்பட்டு லோயரிடம் கேட்டேன். இங்கே கனடாவில் படித்த தமிழ்ப் பிள்ளை.

"குற்றமே தேவையில்லை அன்ரி. ரெண்டு பேரில ஒராளாவது ஒன்ராறியோவில ஒரு வருசம் இருந்திருக்கோணும். ஒரு வருசம் பிரிஞ்சிருக்கோணும். அவ்வளவு காணும்."

வீடு மாறவும் வேண்டாமாம். படுக்கை, சமையல், உடுப்புத் தோய்ப்பது எல்லாம் வேறாக இருந்தால் ஒரே கூரையின் கீழும் பிரிவுதானாம். இவரிடம் சொன்னேன். உன் விருப்பம் என்று பேஸ்மென்ருக்கு இறங்கிப் போனார். கீழேயிருந்து கருகல் மணம் வரும். நான் அசையவில்லை!

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது தங்கை மகளின் கலியாணம். அறுகரிசி போட்டு வாழ்த்த எங்களையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தனித்தனியே ஏற வேண்டாம் என்று தங்கை கெஞ்சினாள். வீடியோக்காரர் வேறு, ஐயாவோடு ஒட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். அந்த வெளிச்சத்தில் இவர் குனிந்து கேட்டார்:

"எப்பிடி இருக்கிறாய்?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவை! அரிசி பாதி என் சேலையில்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும்தான் உறைத்தது. அந்த வீடியோ கோர்ட்டுக்குப் போனால்? பிரிந்திருந்த மாதமெல்லாம் வீணா? லோயர் பிள்ளைக்கு போன் எடுத்தேன். சிரித்தாள்.

"ஆசீர்வாதம் செய்தால் குடித்தனமே அன்ரி? ஒத்துவருமோ எண்டு பாக்கத் தொண்ணூறு நாள் வரைக்கும் சேர்ந்திருந்தாலும் வருசம் அழியாது. ஏன், அங்கிளோட ஒருக்கா இருந்து பாக்கப் போறீங்களோ?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அந்த "எப்பிடி இருக்கிறாய்", அவர் பேஸ்மென்ரில் இருந்ததால் பிறந்த கேள்வி. மேலே வந்தால் செத்துவிடும்.

"வேண்டாம் பிள்ளை" என்றேன்.

வருடம் முடிந்ததும் இருவருமாகச் சேர்ந்தே விண்ணப்பித்தோம் — நாங்கள் ஒத்துப்போன ஒரே காரியம். இப்போது அவர் வேறு இடத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துப் பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்பார். பருப்பு அவியும் வரைக்கும் கதைப்போம்.

விண்ணப்பிக்கும்போது கலியாணச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், தீர்ப்பு வந்து முப்பத்தொரு நாளில்தான் அது செல்லுபடியாகும் என்றும் பிள்ளை சொன்ன ஞாபகம். சட்டம் தெரிந்த யாராவது இதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பருப்புத் தண்ணீரை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அதை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்... திரும்பவும் போன் எடுப்பாரே!