கண்ணழகிக்கு ஒரு கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது மூத்தவளுக்கு வேலை. வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. வீட்டில் பேர் வாங்கியதெல்லாம் ஓரகத்திதான். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே அவளுக்குக் கண்ணழகி என்று பெயர் வைத்துவிட்டாள் மாமியார். வருகிறவர் போகிறவரெல்லாம் வேறு அந்தக் கண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். போதாக்குறைக்கு மூத்தவளின் கணவனே ஒருநாள், தம்பி கொடுத்துவைத்தவன் என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து மூத்தவளுக்கு வயிறு எரியாத நாளில்லை. சின்னவள் எதிரே வந்தாலே முகத்தைச் சுளிப்பாள். அந்த அசடோ பதிலுக்குச் சிரித்து வைக்கும். அதைக் கண்டால் இன்னும் எரியும்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத்தான் கிட்டப்பார்வை என்று டாக்டர் சீட்டு எழுதினார், அதுவும் நல்ல கனத்த பவர். மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிட்டப்பார்வை லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். ஒளியை வெளிப்பக்கமாக வளைத்து விரிக்கும். போட்டவருக்கு உலகம் தெளியும், பார்க்கிறவருக்கு அவர் கண் சுருங்கித் தெரியும். லென்ஸ் கண்ணைவிட்டுத் தள்ளிப்போகப் போக இன்னும் சுருங்கும். சின்னவளின் சீட்டுக்கு லென்ஸைப் பொருத்தியதும் மூத்தவள் இடுக்கியை எடுத்து, லென்ஸ் தள்ளி நிற்கும்படி மூக்கில் உட்காரும் இரண்டு சின்னப் பட்டைகளையும் முகப்பக்கமாக நீட்டி வளைத்தாள். கண்ணழகியின் கண் கடுகாகட்டும்.

மாலையில் சின்னவள் கடைக்கு வந்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டு, மேசைமேல் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் அவளை உட்காரவைத்தாள் மூத்தவள். அவள் அழப்போவதைப் பார்க்கப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சின்னவள் தன் கண்ணைப் பார்க்கவே இல்லை. தன் தோளுக்கு மேலே, கண்ணாடிக்குள் தெரிந்த இன்னொரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீட்லயும் என்னைப் பாக்கும்போது உங்க முகம் இப்படித்தான் இருக்குமா?" என்றாள். "இவ்வளவு நாளா நீங்க சிரிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன். அதான் நானும் சிரிச்சேன்."

மூக்கில் சரியாக உட்காரவில்லை, கழற்று என்று முணுமுணுத்துக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள் மூத்தவள். பட்டைகளைப் பழையபடி உள்ளே வளைத்தாள். நிமிர்ந்து, சின்னவளைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.

வெறும் கண்ணோடு அந்தப் பக்கம் பார்த்த சின்னவளுக்கு எப்போதும் போல மங்கலாகத்தான் தெரிந்தது. இந்தத் தடவை அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை.